முடவாட்டுக்கால் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கொல்லிமலையில் சூப்புக்காக விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கிவந்து தொட்டியில் நட்டேன். ஒரு மாதத்திற்குள் அழுகிவிட்டது. நான் செய்த தவறு என்ன?

பதில்: மண்ணுக்குள் புதைத்ததுதான். கிழங்கு என்று அழைத்தாலும் அது கிழங்கன்று. பாறையின் மீதும் மரக்கிளையின் மீதும் ஊர்ந்து வளரும் பெரணியின் (ஃபெர்ன் செடியின்) தண்டு. காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடந்தால் அழுகத்தான் செய்யும். நுனியிலுள்ள ஆட்டுரோமம் போன்ற செதில்கள் சிதையாத, வளர்முனையோடு கூடிய ஒரு சாண் துண்டை எடுத்து, மா, புளி போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில், அடியில் தேங்காய் நாரை வைத்து, பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். பட்டை உரியும் கொய்யா வேண்டாம். வேர் பற்றிக்கொள்ளும்வரை, காலையில் நீர் தெளித்தால் போதும். நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடி கிடைத்தால் அதையே வாங்குங்கள்; காட்டுப் பாறைகளில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: அடியில் காய்ந்திருக்கும் பழுப்பு இலைகளை வெட்டிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்தப் பெரணிக்கு இரு வகை இலைகள் உண்டு. நீண்டு பச்சையாக நிற்பவை உணவு தயாரித்து, விதைக்குப் பதிலாக இனம்பெருக்கும் தூள் போன்ற வித்துகளையும் தாங்குகின்றன. தண்டை ஒட்டிக் கிண்ணம்போல் நிற்கும் சிறியவை விரைவிலேயே பச்சையம் இழந்து, காகிதம்போல் விறைத்து, உதிரும் சருகையும் தூசியையும் பிடித்துவைக்கின்றன. அந்தச் சருகு மட்கி உருவாகும் உரத்தில்தான் வேர்கள் பரவுகின்றன. மரத்தின் மேல் மண் ஏது? தனக்கு வேண்டிய மண்ணைச் செடி தானே சேர்த்துக்கொள்கிறது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஓக் மரத்தின் இலையைக் குறிக்கும் பெயரை இதற்குச் சூட்டியதும் இந்தக் கிண்ண இலைகளின் சாயலால்தான். வேறு உரம் வேண்டுமென்றால், அந்தக் கிண்ணத்தில் ஒரு பிடி மட்கிய சருகைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் மாமரத்தின் சாற்றை இது உறிஞ்சிவிடாதா?

பதில்: உறிஞ்சாது. அது புல்லுருவியின் வேலை. இது மரத்தில் தங்குகிறதே தவிர மரத்தைத் தின்பதில்லை.

கேள்வி: இலையின் அடிப்புறத்தில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் உள்ளன. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒழுங்கான வரிசையில் இருப்பவை வித்துக்கூட்டங்கள். பூச்சி அவ்வளவு ஒழுங்காக உட்காராது. நரம்போரத்தில் ஒழுங்கின்றி ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருபவையே செதில்பூச்சிகள். அவற்றை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

கேள்வி: பங்குனியில் இலைகள் உதிர்ந்து வெறும் ஈர்க்குகளே நிற்கின்றன. செடி செத்துவிட்டதா?

பதில்: தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடிருக்கிறது. வறண்ட காலத்தில் இலையுதிர்ப்பது இதன் இயல்பாதலால், அப்போது அளவுக்கு மீறி நீர் ஊற்றாமல், வாரம் இருமுறை தண்டை நனைத்துவிட்டு மழைக்காகக் காத்திருங்கள்.