எரிந்த கோயிலும் வடக்குச் சுவரும்

அன்புள்ள ஐயா,

ஏதென்ஸ் நகரத்தின் கோயில் குன்றான அக்ரோபோலிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்சின் கோயில்களை எரித்தார்கள். அவற்றைத் திரும்பக் கட்டமாட்டோம், இடிபாடே சாட்சியாக இருக்கட்டும் என்று கிரேக்கர்கள் சபதம் எடுத்ததாகச் சொல்கிறார்கள். முப்பது வருடம் கழித்து ஏதென்சின் தலைவர் பெரிக்ளீஸ் அதே குன்றில் பளிங்கில் பார்த்தெனான் கோயிலை எழுப்பினார். இன்று எல்லோரும் அதைத்தான் பார்க்கப் போகிறோம். எரிந்த கோயிலை யார் நினைக்கிறார்கள்? புதிதாகக் கட்டியதே அதற்கு இரண்டாவது அழிவு இல்லையா? வரும் அக்டோபரில் ஏதென்ஸ் போகிறேன். இந்த எண்ணத்தோடு அந்தக் குன்றில் ஏறவே தயக்கமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தச் சபதம். கி.மு. 479இல் கிரேக்கர்கள் பாரசீகரை வென்ற பிளாட்டேயா போருக்கு முன் எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதைச் சொல்லும் எழுத்துகள் போருக்கு நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியவை. ஏதென்சுக்கு அருகே அக்கார்னே என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் சபதம் இருக்கிறது, கோயில்களைப் பற்றிய வரி மட்டும் இல்லை. தியோபாம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இதெல்லாம் ஏதென்ஸ்காரர்கள் இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டார். அதனால் வாக்கு தவறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதே சமயம், கி.மு. 447 வரை அந்தக் குன்றின்மேல் பெரிய கோயில் எதுவும் எழவில்லை என்பதும் உண்மை. அவ்வளவு காலம் ஒரு நகரம் தன் தலைக்குமேல் கரிந்த கல்லைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறது.

எரிந்த நாளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். மரச்சுவர் காப்பாற்றும் என்று டெல்ஃபியில் குறி சொல்லியிருந்தார்கள். மரச்சுவர் என்றால் கப்பல்கள் என்றார் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்கிளிஸ். ஊர் முழுக்கக் கப்பலேறிச் சலாமிஸ் தீவுக்கும் திரோய்சன் ஊருக்கும் போய்விட்டது. கோயில் பொறுப்பாளர்கள் சிலரும், போக வழியில்லாத ஏழைகளும் மேலேயே தங்கினார்கள். குறியை அப்படியே நம்பி, கதவுகளையும் பலகைகளையும் வைத்து அடைத்துக்கொண்டார்கள். பாரசீகர்கள் எதிரே இருந்த ஏரீஸ் குன்றிலிருந்து நார் சுற்றிய அம்புகளில் தீ வைத்து எய்தார்கள். கடைசியில், யாரும் ஏறமாட்டார்கள் என்று காவல் போடாத செங்குத்துப் பக்கமாக ஏறிவந்தார்கள். சிலர் மதிலிலிருந்து குதித்தார்கள். மற்றவர்கள் கருவறைக்குள் ஓடித் தெய்வத்திடம் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை அங்கேயே வெட்டிப்போட்டுவிட்டுத்தான் கோயிலைக் கொளுத்தினார்கள்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. கி.மு. 498இல், பாரசீகருக்கு எதிராகக் கிளர்ந்த ஆசியக் கரைக் கிரேக்கரான அயோனியரோடு சேர்ந்து ஏதென்ஸ் படை பாரசீகர் வசமிருந்த சார்டிஸ் நகருக்குள் புகுந்தபோது ஊர் தீப்பிடித்தது, சிபெலே தெய்வத்தின் கோயிலும் எரிந்தது. பாரசீகர்கள் அதைத்தான் காரணமாகக் காட்டினார்கள்.

சரி, குன்றின்மேல் எரிந்தவை எவை? இரண்டு. ஒன்று, ஏதென்சின் காவல் தெய்வமான அதீனாவின் பழைய கோயில். மற்றொன்று, கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகரை வென்ற பிறகு தொடங்கி, தூண்கள் பாதி உயரம்கூட எழாமல் நின்ற ஒரு பளிங்குக் கோயில். இந்த இரண்டுக்கும் பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாதியில் நின்ற கோயிலின் அதிட்டானத்தின் மேல்தான் பார்த்தெனான் நிற்கிறது. தென்பக்கம் குன்று சரிவதால் அந்த அடித்தளம் ஓரிடத்தில் பத்து மீட்டருக்கும் மேல் உயரம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, வடக்கே கொஞ்சம் அகலப்படுத்தி, முகப்பில் ஆறு தூண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் எட்டு வைத்தார்கள். பழைய கற்களையும் முடிந்தவரை புதிய கட்டடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதீனாவின் பழைய கோயிலோ அதே இடத்தில் திரும்ப எழவே இல்லை. பார்த்தெனானுக்கும் அதற்கு வடக்கே உள்ள எரெக்தியோன் என்ற கோயிலுக்கும் நடுவே அதன் அடித்தளம் இன்றும் வெறுமையாகக் கிடக்கிறது. எரெக்தியோனில் ஆறு பெண் சிலைகள் தூண்களாக நின்று கூரையைத் தாங்கும் மண்டபம் உண்டல்லவா, அது அந்த எரிந்த கோயிலின் விளிம்பில்தான் கால் ஊன்றியிருக்கிறது. மக்கள் அந்தச் சிலைகளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் கீழேயும் பாருங்கள்.

இந்தப் பணிகளுக்கு வந்த பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பாரசீகரை எதிர்க்க நட்பு நகரங்கள் சேர்த்த நிதி டெலோஸ் தீவிலிருந்து கி.மு. 454இல் ஏதென்சுக்கு வந்தது. அதிலிருந்து எடுத்துத் தம் ஊரை அலங்கரிக்கிறார்களே என்று ஏதென்சுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்ததாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தக் குரல் நியாயமானது என்றே நினைக்கிறேன். நினைவை அழித்தார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை ஏற்க முடியாததற்குக் காரணம் வேறு.

பார்த்தெனானின் வடபக்கச் சிற்பப் பலகைகளில் கிரேக்கப் புராணத்தில் டிராய் நகரம் விழுந்த இரவைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் ஹெலன் ஒரு தெய்வச் சிலையிடம் ஓடி அடைக்கலம் தேடுகிறாள். அடுத்ததில் அவளுடைய கணவன் மெனெலாஸ் அவளைத் துரத்தி வருகிறான். ஊரைப் பிடித்தவர்கள் இங்கே கிரேக்கர்கள். கருவறையில் அடைக்கலம் புகுந்தவர்கள் வெட்டுப்பட்ட அதே குன்றில் இதைச் செதுக்கத் துணிந்தவர்களுக்கு மறதி இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

போனமுறை ஏதென்சில் இருந்தபோது பாதி நாளை அருங்காட்சியகத்தில் செலவழித்தேன். பாரசீகர் உடைத்த கன்னியர் சிலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பதினான்கு 1886இல் எரெக்தியோன் பக்கத்தில் ஒரே குழியில் கிடைத்தவை. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேல் மண்ணுக்குள் இருந்ததால், வெயில் படாமல் சிலவற்றில் வண்ணம் தங்கிவிட்டது. ஒருத்தியின் ஆடைக் கரையில் பச்சையும் நீலமும் இன்னும் தெரிகின்றன. தெய்வத்துக்குக் கொடுத்ததை வெளியே வீச மனமில்லாமல் கோயில் எல்லைக்குள்ளேயே புதைத்தார்கள்.

அக்டோபரில் போகும்போது நேரே மேலே ஏறாதீர்கள். முதல் நாள் கீழே அகோரா என்ற பழைய சந்தைவெளிப் பக்கம் போய், குன்றின் வடக்குச் சுவரை அண்ணாந்து பாருங்கள். மதிலின் நடுவே வெள்ளையாக வரிசையாகச் சில உருளைகள் தெரியும். அந்தப் பாதிக் கோயிலின் தூண் துண்டுகள் அவை. தூண்களில் நெடுக ஓடும் வரிப்பள்ளங்களை இன்னும் செதுக்காத முழு உருளைகள். கொஞ்சம் தள்ளி, பழைய அதீனா கோயிலின் தூண்களுக்கு மேல் இருந்த உத்தர வரிசை, கோயிலில் எந்த வரிசையில் அடுக்கியிருந்தார்களோ அதே வரிசையில் சுவரில் பதித்திருக்கிறது. போர் முடிந்த கையோடு மதில் எழுப்ப யாரோ அவசரத்தில் கல் எடுத்துப் போட்டதாக இருந்தால் இந்த ஒழுங்கு வந்திருக்காது. சந்தைக்கு வருகிறவன், வழக்குமன்றத்துக்குப் போகிறவன், எல்லோர் கண்ணிலும் படும்படி நகரத்தைப் பார்த்த பக்கத்தில் வைத்தார்கள். பார்த்தெனான் எழுந்த பிறகும் அவற்றை யாரும் எடுக்கவில்லை.

பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். கீழிருந்து பார்க்க உருளைகள் சிறியதாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் அகலம்.