பதில்: இரண்டு குடும்பத்துக்கு ஒரே ஃப்ளாட் என்கிறார்கள், அம்மா கையெழுத்துப் போடலாமா?

அவசரப்பட்டு இந்த வாரம் போட வேண்டாம். கொழும்பு மட்டக்குளித் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் உங்கள் வீட்டை நகர அபிவிருத்தி அதிகார சபை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரே ஃப்ளாட் தரப் பார்க்கிறது. அந்த வீட்டில் உங்கள் அம்மா கீழேயும் அண்ணன் குடும்பம் மேல்தட்டிலும் தனித்தனியாகச் சமைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களின் கணக்கெடுப்பில் அது ஒரே குடும்பமாகப் பதிந்திருந்தால் ஒரு வீடுதான் வரும். முதலில் உங்கள் பதிவில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் வாக்காளர் இடாப்பு, இரண்டு வீட்டுக் கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இரண்டு வீடு கேட்கும் மேன்முறையீட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பித்தான் எங்கள் பெரியம்மா ஏமாந்தார்.

அப்புறம், ஃப்ளாட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பொரளைப் பக்கம் 2001இல் கட்டிய சஹஸ்புர ஃப்ளாட் 14 மாடி. அந்த உயரத்தில் லிஃப்ட் நின்றால் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட வேண்டியதுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கீழ் மாடியை இப்போதே கேளுங்கள். பராமரிப்புக் காசு மாதம் எவ்வளவு, வீட்டு உறுதிப் பத்திரம் எப்போது கைக்கு வரும், இதையும் எழுத்தில் வாங்குங்கள். அம்மா முன்வாசலில் இடியப்பம் விற்பதாகச் சொன்னீர்களே, மேலே போனால் அந்த வருமானம் என்னாகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.