இடது கண்ணின் கீழ் இமை மூன்று வாரமாகத் துடிக்கிறது, மக்னீசியம் மாத்திரை போடலாமா?

கேள்வி கேட்டவர் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். இரவு ஷிப்ட், மாலை 7 முதல் காலை 7 வரை. கூட வேலை செய்பவர் மக்னீசியம் வாங்கிப் போடச் சொல்கிறாராம். அம்மா, பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்கிறாராம். இவருக்கோ இது பக்கவாதத்தின் அறிகுறியோ என்று பயம்.

பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரு கண்ணின் ஒரு இமை மட்டும் படபடவென்று துடித்து நின்று, மறுபடி தொடங்குவது பக்கவாதம் அல்ல. பக்கவாதத்தில் துடிப்பு வராது, வலிமை போகும். வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குளறுவது இவை திடீரென்று வந்தால் உடனே ஆம்புலன்சுக்கு 999 அழையுங்கள். கண்ணை மூடவே முடியாமல் அந்தப் பக்க முகம் முழுதும் தொங்கிப் போனால் அது முகவாதமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்கான ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் மயோகைமியா. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையில் சில இழைகள் மட்டும் தாமாகச் சுருங்கும். கண்ணே குதிப்பதுபோல் உங்களுக்குத் தோன்றும். எதிரே நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தூக்கக் குறைவு, மன அழுத்தம், காஃபின், கண் வறட்சி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். உங்கள் வேலையில் நான்கும் ஒன்றாகச் சேர்கின்றன. அதனால் மாத்திரையில் தொடங்காமல் கண்ணிலும் கோப்பியிலும் தொடங்குங்கள்.

இத்தகைய வேலை நடக்கும் தூசியில்லா அறையில் (கிளீன்ரூம்) காற்றின் ஈரப்பதம் பொதுவாக 40 முதல் 50 விழுக்காடு. வெளியே பினாங்குக் காற்றில் அது 80ஐத் தாண்டும். அந்த உலர்ந்த குளிரில் 12 மணி நேரம் இருக்கிறீர்கள். மைக்ரோஸ்கோப்பின் ஐபீஸில், அதாவது கண் வைக்கும் வில்லையில், பார்க்கும்போது இமைப்பது வேறு பாதிக்கும் கீழே குறைகிறது. கண்ணீர்ப் படலம் உடைந்து உறுத்துகிறது, உறுத்தல் இமைத் தசையைத் தூண்டுகிறது. எரிச்சல், மணல் விழுந்ததுபோல் உணர்வு, இமைத்தால் தெளிந்துவிடும் மங்கல், காரணமில்லாமல் கண்ணீர் வழிவது எல்லாம் வறட்சியின் அடையாளங்களே. கண்ணீர் வழிகிறதே, வறட்சி எப்படி என்று பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஃபார்மசியில் செயற்கைக் கண்ணீர் கேளுங்கள்: கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% அல்லது சோடியம் ஹையலுரோனேட் 0.1%. ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விடுவதாக இருந்தால் பதப்பொருள் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது) கலக்காத, ஒற்றை வேளைக் குப்பிகளாக வாங்குங்கள். பதப்பொருளே அடிக்கடி பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். ஷிப்ட் தொடங்கும் முன்பும் ஒவ்வொரு ஓய்வு நேரத்திலும் விடலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு விடுங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இதற்கு வேண்டாம். அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, வறட்சியைத் தீர்ப்பதில்லை. நாள்கணக்கில் விட்டால் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

மைக்ரோஸ்கோப்பையும் பாருங்கள். முந்தைய ஷிப்ட்காரர் தன் கண்ணுக்கு ஏற்ப வைத்த அளவிலேயே நீங்கள் இரவு முழுதும் பார்த்தால் கண் திணறும். முதலில் இரண்டு ஐபீஸையும் நகர்த்தி, இரண்டு கண்ணுக்கும் ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். ஒரு ஐபீஸில் மட்டும் திருகும் வளையம் இருந்தால், அந்தப் பக்கக் கண்ணை மூடி, மற்றக் கண்ணால் பெரிய குமிழைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு கண்ணை மாற்றி, குமிழைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருகுங்கள். இதை ஒவ்வொரு ஷிப்டிலும் செய்ய வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 6 மீட்டருக்கு அப்பால் 20 விநாடி பார்த்து, இமைகள் முழுதாக ஒட்டும்படி இமையுங்கள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது. வீட்டில் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும்.

அடுத்தது கோப்பி. நம் கடைக் கோப்பி பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை. அதில் மற்றொரு வகையான அரபிக்காவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின். தே தாரே எனும் பால் தேநீரிலும் காஃபின் உண்டு, எனர்ஜி பானத்தில் 250 மில்லி டின்னுக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம். உடல் நலமாக உள்ள பெரியவருக்கு ஒரு நாள் வரம்பு 400 மில்லிகிராம் என்பார்கள், ஆனால் இமை துடிக்கும்போது அதற்கும் கீழே இறங்குவதே நல்லது. ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் தலைவலி வரும், வேலைக்கும் போக முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிளாஸ் வீதம் குறையுங்கள். காலை 8 மணிக்குப் படுப்பவருக்கு, கடைசிக் கிளாஸ் நள்ளிரவு 1 மணியோடு முடிய வேண்டும். பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்கி 7 மணி நேரம் கிடைக்கும்படி செய்யுங்கள். எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், ஆனால் இதைச் சரிசெய்யாமல் மற்றவை அரைகுறைப் பலனே தரும்.

மக்னீசியம்? ரத்தத்தில் அது குறைவாக இருந்தாலொழிய, இமைத் துடிப்பை அது நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுபவர்கள், சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோருக்கு மக்னீசியம் குறையக்கூடும். அவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இரண்டு நிலைகளைச் சகுனம் என்று தள்ளிப்போடக் கூடாது. துடிப்பு அதே பக்கக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கினால், தூக்கத்திலும் நிற்காவிட்டால், மூளைத்தண்டருகே ஒரு ரத்தக் குழாய் முக நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவரும். இரண்டு கண்ணும் தாமாக இறுக மூடி, வெளிச்சத்தில் திறக்க முடியாமல் போவது மற்றொன்று. அந்த நிலையில் வண்டி ஓட்டாதீர்கள். இரண்டுக்கும் போட்டாக்ஸ் ஊசி நல்ல பலன் தரும், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதால், அவசரம் இல்லையென்றாலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஒருமுறை காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் பினாங்கு பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். இமை துடிக்கும்போது கைப்பேசியை முகத்தருகே வைத்து அரை நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன் உட்காரும் நேரத்தில் பெரும்பாலும் அது துடிக்காது. கன்னமும் வாயோரமும் படத்தில் விழ வேண்டும்.