சபைக்குப் போகாத விசுவாசம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 34. சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, திடப்படுத்தல் எல்லாம் அங்கேதான். நான் கல்லூரியில் படிக்கும்போது டயோசீசன் தேர்தல், அதாவது திருமண்டல நிர்வாகத்துக்கான தேர்தல் வந்தது. அப்பா ஒரு அணி, சித்தப்பா எதிர் அணி. கோயில் வாசலிலேயே கைகலப்பு. அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை சித்தப்பாவோடு பேசவில்லை. ஆனால் இருவரும் ஒரே திருவிருந்தில் பங்கெடுத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு பெரிய தனிச் சபைக்குப் போனோம். ஆராதனை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடம் முன்பு, ஐந்தாம் மாதத்தில், என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஜெபிக்க வந்த பாஸ்டரின் மனைவி, "எங்கேயோ விசுவாசக் குறைவு இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்றார். அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. தசமபாகம் பற்றி ஒரு வாட்ஸப் செய்தி மட்டும் வந்தது.

விசுவாசம் போகவில்லை அக்கா. விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். முன்பைவிட ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் எந்தச் சபை வாசலில் நின்றாலும் நெஞ்சு படபடக்கிறது. அம்மா, "சபைக்குப் போகாதவளுக்கு என்ன விசுவாசம்? எபிரெயர் பத்து இருபத்தஞ்சை வாசி" என்கிறார். காரணத்தை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. ஊர்ச் சபையில் என் பெயரிலும் சந்தா கட்டிவருகிறார். என் விசுவாசம் பொய்யா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

அந்தப் பெண் உங்களிடம் சொன்னது தவறு. பக்குவமில்லாமல் சொல்லிவிட்டார், நோக்கம் நல்லது என்றெல்லாம் நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அது வேதத்துக்கே விரோதமான பேச்சு. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இயேசு இரண்டையும் மறுக்கிறார். குழந்தையைப் பறிகொடுத்துப் படுத்திருக்கிற ஒரு தாயிடம் போய், அவர் மறுத்த அதே கேள்வியை அவர் பெயராலேயே கேட்டிருக்கிறார்கள்.

அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். பார்வை கிடைத்தவனை ஜெப ஆலயத்துக்காரர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவனுடைய தாய் தகப்பனுக்குப் பயம். புறம்பாக்கிவிடுவார்களே என்று, "இவன் வயதுள்ளவன், இவனைக் கேளுங்கள்" என்று நழுவிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குப் பார்வை வந்திருக்கிறது, அதைக் கொண்டாடக்கூட முடியாமல் ஊரார் என்ன செய்வார்களோ என்று நடுங்குகிறார்கள். கடைசியில் அவனைத் துரத்தியும் விடுகிறார்கள். அடுத்த வசனம்: "அவனை அவர்கள் புறம்பே தள்ளிவிட்டதை இயேசு கேள்விப்பட்டு, அவனைக் கண்டபோது..." முதல்முறை கண்ணைத் திறந்தபோது இருந்ததைவிட நெருக்கமான பேச்சு இந்த இரண்டாவது சந்திப்பில்தான் நடக்கிறது. தாம் யாரென்று அவனிடம் நேராகவே சொல்கிறார். வெளியே வந்த பிறகு ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படியே நம்புகிறேன். உங்கள் விசுவாசம் பொய்யில்லை.

சரி, அம்மா சொன்ன வசனம். எபிரெயர் 10:25 நம் வீடுகளில் பிரம்பு மாதிரி பயன்படுகிறது. சபைகூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்பதை மட்டும் பிய்த்து எடுத்துவிடுகிறோம். அதற்கு முந்தின வசனத்தில், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்றிருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியம். இன்னும் சில வசனம் தள்ளிப் போனால் அந்த மக்கள் யாரென்று தெரியும். ஆஸ்திகளைக் கொள்ளை கொடுத்தவர்கள். கட்டுண்டு கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள். கூடிவருவது அவர்களுக்கு ஆபத்து. ஒருவர் வரவில்லையென்றால் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று மற்றவர்கள் பதறியிருப்பார்கள். இரண்டு வருடமாக நீங்கள் வரவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அந்த வசனத்தை முதலில் மீறியது யார்? உங்களிடம் அதை நீட்டுகிறவர்கள் அந்தச் சென்னைச் சபையில் இருக்கிற அத்தனை பேரிடமும் நீட்ட வேண்டும்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னவளாவேன்.

ஜெர்மனியின் போதகர் டீட்ரிச் போன்ஹோபரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹிட்லர் காலத்தில் ஃபிங்கன்வால்ட என்ற இடத்தில் இளம் போதகர்களைச் சேர்த்து ஒரு சிறிய இறையியல் பள்ளி நடத்தினார். சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து வேலை. 1937ல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை இழுத்து மூடியது. அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1939ல் வந்தது. சபை எப்படி இருக்க வேண்டும் என்று தனக்குள் ஒரு கனவை வளர்த்து, அந்தக் கனவைத் தன்னோடு இருக்கிற மனிதர்களைவிட அதிகமாக நேசிக்கிறவன் சபையை அழித்துவிடுகிறான் என்று அதில் எச்சரிக்கிறார். அவன் மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. நம்மில் நிறைய பேர் சபை மாறி மாறிப் போவதற்கு இந்தக் கனவுதான் காரணம். பாட்டு சரியில்லை, பிரசங்கம் நீளம், பக்கத்தில் உட்காருகிற அம்மா ஊர்க்கதை பேசுகிறார். இதற்கெல்லாம் வெளியேறினால் போய்ச் சேர இடமே இருக்காது.

இதை எழுதிய மனிதர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா என்றால், இல்லை. 1933ல் ஜெர்மனியின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் சபையான பிரஷ்ய சபை, யூத வம்சத்தில் பிறந்தவர்கள் போதகர்களாக இருக்கக்கூடாது என்ற ஆரிய விதியை ஏற்றுக்கொண்டது. போன்ஹோபர் அதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். அப்படி எதிர்த்தவர்கள் 1934ல் பார்மன் நகரத்தில் கூடி அறிக்கை வெளியிட்டு, தங்கள் வழியில் பிரிந்து நடந்தார்கள். ஃபிங்கன்வால்ட பள்ளியே அவர்களுடையதுதான். 1945 ஏப்ரலில் ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மனிதர்கள் சலிப்பூட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்பதற்காக அவர் சபையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மனிதர்களைச் சபையே வெளியே தள்ளும்போது அதோடு ஒட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. உங்கள் அப்பா, சித்தப்பா சண்டையையும் சென்னையில் நடந்ததையும் நீங்கள் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை வேறு வேறாகத்தான் தெரிகின்றன. முதலாவது அசிங்கம், ஆனால் பவுலுக்குத் தெரிந்த அசிங்கம். கொரிந்துச் சபையில் ஒரே பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று கடிந்துகொண்டுதான் திருவிருந்து எப்படி ஏற்பட்டதென்று அவர் எழுதுகிறார். இரண்டாவது, காயப்பட்டவரைப் பார்த்து நீதான் குற்றவாளி என்று சொல்வது. அந்த இடத்தைவிட்டு நீங்கள் வந்தது சரி. அங்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

வெளியேறுவது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. நாசரேத் பக்கம் என்கிறீர்கள், மூக்குப்பீறி சட்டம்பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அருமைநாயகம் என்பது அவருடைய பெயர். மிஷனரி கால்டுவெல் 1849ல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் தம் மக்களை இழிவுபடுத்துகிறது என்று கொதித்தவர்களில் அவர் முக்கியமானவர். 1857ல் மிஷனரிகளின் சபையை விட்டு ஆட்களோடு வெளியேறி, சனிக்கிழமை ஆராதனையோடு சொந்தமாக ஒரு சபையைத் தொடங்கினார். அவருடைய எல்லா முடிவுகளும் எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் மிஷன் பங்களாவை விட்டார், இயேசுவை விடவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள், அவர் தனியாகப் போய் உட்காரவில்லை. கோபத்தோடு போனவருக்கும் கூட ஜெபிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

உங்களைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே கவலை இதுதான். விடியற்கால ஜெபம் நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் தனியாகச் செய்ய முடியாத சில காரியங்கள் கிறிஸ்தவத்தில் இருக்கின்றன. திருவிருந்தை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது, இன்னொரு கை நீட்டித் தர வேண்டும். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்பதற்கு இரண்டு பேராவது வேண்டும். துக்கம் பெரிதாகிற நாளில் வேதம் வாசிக்கக்கூட நாக்கு எழாது. அப்போது பக்கத்தில் இருந்து வேறொருவர் வாசிக்க வேண்டும். நான் பலமுறை அப்படி வாசிக்கக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அதனால் இப்போதைக்கு எந்தச் சபையிலும் சேர வேண்டாம். பெயர் கொடுக்க வேண்டாம், அட்டை வாங்க வேண்டாம். சென்னையில் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் அதிகாலையில் ஒரு திருவிருந்து ஆராதனை உண்டு. மைக் சத்தம் குறைவு, கூட்டம் குறைவு. பாமாலையில் ரெண்டு பாட்டு, பொது ஜெபம், சுருக்கமான பிரசங்கம். கடைசி பெஞ்சில் வயதானவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களோடு உட்காருங்கள். நெஞ்சு படபடத்தால் நடுவிலேயே எழுந்து வந்துவிடுங்கள். யாரும் பின்னால் ஓடிவந்து கேட்கப்போவதில்லை. கொஞ்ச நாள் ஜெபங்களுக்கு வாய்விட்டு ஆமென் சொல்ல முடியாமல் போகலாம். பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வார்கள், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், உங்களைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். சபையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அலுவலகத்தில், அதே அபார்ட்மெண்டில் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள். எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் ஆரம்பிக்கலாம். ஆறுதலே சொல்லாமல் இருளில் முடிகிற சங்கீதம் அது. வேதத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் குழந்தை அவருக்கும் குழந்தைதான். அவர் இன்னும் அந்தச் சபைக்குப் போகிறாரா, உங்களோடு வீட்டில் இருக்கிறாரா, தெரியவில்லை. அவரிடம் பேசுங்கள்.

அம்மாவிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவர் வசனம் சொல்வது காரணம் தெரியாமல்தான். ஊரில் கல்யாண ஓலை வாசிப்பதிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை எல்லாமே சபைக் கணக்கில் போகிறது. மகள் அதிலிருந்து விழுந்துவிடுவாளோ என்ற பயம் அவருக்கு இருக்கத்தான் செய்யும். அவர் உங்கள் பெயரில் கட்டுகிற சந்தாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாஸ்டரின் மனைவி என்ன சொன்னார் என்பதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் போனில் வேண்டாம், ஊருக்குப் போய் நேரில் சொல்லுங்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. பந்தியில் சித்தப்பாவும் வந்து உட்காருவார். அவரோடு ஒரு வார்த்தை பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா