ரிசர்விலேயே ஓடும் ஸ்விஃப்ட்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கரூரில் வீட்டுக்கும் கடைக்கும்தான் ஓட்டம். கையிருப்பைப் பொறுத்து ஐந்நூறு ஐந்நூறாகப் போடுவேன். அதனால் மஞ்சள் விளக்கு முக்கால்வாசி நேரம் எரிந்துகொண்டே இருக்கும். பொலீரோ வைத்திருக்கும் என் மச்சான், "இப்படியே ஓட்டினால் பம்ப் எரிஞ்சிடும், அடியில இருக்கிற கசடெல்லாம் இன்ஜினுக்குப் போயிடும்" என்கிறார். மெக்கானிக் சிரித்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்கிறார். போன மாதம் ஒரு விசேஷத்துக்குக் கொல்லிமலை ஏறினோம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வளைவுகளில் வண்டி இரண்டு மூன்று தடவை விக்கியது, மேலே போனதும் சரியாகிவிட்டது. பெட்ரோல் குறைவுதான் காரணமா? இறங்கும்போது பயந்துபோய் நியூட்ரலில் விட்டே வந்தேன். வெயில் காலத்தில் டேங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதுவும் உண்மையா?

எஸ்.,
கரூர்

அன்புள்ள எஸ்.,

மலையில் விக்கியதற்குப் பெட்ரோல் குறைவு காரணமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதே அளவு பெட்ரோலோடு கரூருக்குள் ஓடியபோது ஒன்றும் ஆகாததிலும் ஆச்சரியமில்லை.

உங்கள் வண்டியின் டேங்க் 37 லிட்டர் பிடிக்கும். பின் சீட்டுக்கு அடியில் அகலமாகப் படுத்திருக்கும். விளக்கு எரியும்போது ஐந்து லிட்டர் வாக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அகலத்தில் அது சில விரற்கடை உயரம்தான் நிற்கும். பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. நல்ல வேளையாக அதை வெறுமனே டேங்கின் தரையில் நிறுத்திவிடுவதில்லை. ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருப்பார்கள். சுற்றியிருக்கும் பெட்ரோலை அந்த டப்பாவுக்குள் இழுத்து நிரப்பிக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடும் உண்டு. ஆகவே சமதளத்தில் டேங்க் ஏறத்தாழ காலியாக இருந்தாலும் பம்ப்பைச் சுற்றி மட்டும் பெட்ரோல் நிற்கும். உங்கள் மெக்கானிக் சிரித்தது இந்தத் தைரியத்தில்தான்.

கொல்லிமலையில் அந்தக் கணக்கு உதைக்கும். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் டேங்கின் பின்பக்கம் ஓடிவிடும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் ஒதுங்கும். டப்பாவில் இருப்பது தீர்வதற்குள் புதிதாக வந்து சேராவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் விழும், இன்ஜின் விக்கும். சற்றுச் சமமான இடம் வந்ததும் பெட்ரோல் திரும்பி வந்து எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதேதான்.

வண்டிக்குக் கெடுதல் வருவது அந்த விக்கலில்தான். விளக்கு எரிவதில் இல்லை. பம்ப்பின் மோட்டாருக்குத் தனியாகக் குளிர்விப்பு கிடையாது. அதற்குள்ளே ஓடும் பெட்ரோல்தான் சூட்டைக் கொண்டுபோகிறது, தேய்மானத்தையும் தடுக்கிறது. காற்றை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டும் இல்லாமல் அது சுழல்கிறது. இரண்டு மூன்று தடவைக்குச் செத்துவிடாது. ஆனால் வழக்கமாகவே டேங்கை வறட்டி ஓட்டினால் ஆயுசு குறையும். இன்னொன்று, பலர் நினைத்துப் பார்க்காதது. இன்ஜின் விக்கும்போது சில சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். அங்கே புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். அதற்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளக்கூடும். மாற்றப் போனால் செலவு பல்லாயிரத்தில் நிற்கும். ஐந்நூறு ஐந்நூறாகப் போடுகிறவருக்கு வரக்கூடாத செலவு அது.

இனி மச்சான் சொன்னது. கசடு விஷயத்தில் அவர் சொல்வது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பம்ப் எப்போதும் டேங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைந்திருந்தாலும் அப்படித்தான். கசடு இருந்தால் அது தினமும்தான் போய்க்கொண்டிருக்கும். அதற்காகத்தான் பம்ப்பின் வாயில் வலைப்பை மாதிரி ஒரு வடிகட்டி. இந்தப் பேச்சு அம்பாசடர், பத்மினி காலத்திலிருந்து வருகிறது. அப்போது டேங்க் இரும்பு, உள்ளே துரு பிடிக்கும். அந்தத் துகள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரின் ஊசித் துளையை அடைத்து நடுரோட்டில் நிறுத்தும். பயம் நியாயமானது. ஆனால் பம்ப் எரியும் பயம் அன்றைக்குக் கிடையாது. அந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருந்தது, இன்ஜின் சுற்றினால் அதுவும் அசையும், அவ்வளவுதான். இரண்டு காலத்துப் பயத்தையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் உங்களிடம் சொல்லியிருக்கிறார் மச்சான்.

அவருடைய வண்டியைப் பற்றி அவர் பயந்தால் மட்டும் நான் ஒத்துக்கொள்வேன். பொலீரோ டீசல். உங்கள் வண்டி மாதிரியான பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் மூன்று நான்கு பார்தான் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்). எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் அது 1,600 பாரையும் தாண்டிப் போகும். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப்புக்கு எண்ணெய் போடுவது டீசலேதான், வேறு எதுவும் இல்லை. கூடவே, இன்ஜின் பக்கம் போய்ச் சூடான டீசலில் ஒரு பங்கு டேங்குக்கே திரும்பி வரும். டேங்கில் நிறைய இருந்தால் அந்தச் சூடு கலந்து ஆறிவிடும். நான்கைந்து லிட்டர்தான் இருக்கிறது என்றால் மொத்தமும் சூடேறி நீர்த்துப்போகும், வழவழப்பு குறையும். முழுக்கத் தீர்ந்து நின்றுவிட்டால் கேனில் ஐந்து லிட்டர் கொண்டுவந்து ஊற்றிச் சாவியைத் திருப்பினால் கிளம்பாது. லைனில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் கையால் அமுக்கும் பம்ப் இருந்தால் அமுக்கி ஏர் எடுக்கலாம். இல்லாத வண்டிகளில் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே டீசல்காரர்கள் விளக்கு எரியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

நியூட்ரலில் இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அதுதான். இனி ஒருபோதும் செய்யாதீர்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் செய்திருப்பீர்கள், அந்தக் கணக்கும் தலைகீழ். வண்டியை இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். அதை உணர்ந்து கணினி இன்ஜெக்டரை மூடிவிடும். அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடிமானமும் போய்விடுவதால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், எழுபது வளைவுக்கும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். இரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

மீட்டரையும் அதிகம் நம்ப வேண்டாம். உள்ளே ஒரு மிதவை, அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதைத்தான் முள் காட்டுகிறது. சரிவில் அதுவும் ஏமாறும். இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் வருவது, சற்று முன்பு வரை நீங்கள் ஓட்டிய மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. நாமக்கல் சாலையில் அறுபது கிலோமீட்டர் என்று காட்டியது, ஏற்றத்தில் கண்ணெதிரே சரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

டேங்க் நிரம்பினால் எடை கூடி மைலேஜ் குறையும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து கிலோ எடை. மூன்றாவது படிக்கும் பையனின் புத்தகப்பையும் தண்ணீர் பாட்டிலும் டிக்கியில் கிடக்கும் பழைய சாமானும் அதைவிட அதிகம் இருக்கும்.

வெயிலில் வெடிக்கும் என்பது வருஷா வருஷம் சித்திரை பிறந்தால் வரும் செய்தி. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் பெயரில் சுற்றிய அந்தச் செய்தியைப் பொய் என்று வெளிப்படையாகவே மறுத்திருக்கிறது. பெட்ரோல் விரிவதற்கு இடம் விட்டுத்தான் டேங்கைச் செய்கிறார்கள். ஆனால் பங்க்கில் துப்பாக்கி தானாக நின்ற பிறகும், கணக்கு ரவுண்டாக வரட்டும் என்று வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் அரை லிட்டர் திணிக்க விடாதீர்கள். ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று இருக்கிறது, பெட்ரோல் திரவமாகவே அதற்குள் இறங்கினால் வீணாகிவிடும்.

உங்களை ஃபுல் டேங்க் போடச் சொல்லப்போவதில்லை. ஊருக்குள் ஐந்நூறு ஐந்நூறாகவே போடுங்கள், விளக்கு எரிந்த பிறகு போடுவதை எரிவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒரே ஒரு தடவை கூடுதலாக ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுவிட்டால், அதன்பின் வழக்கம்போல ஐந்நூறுதான், மாதச் செலவு மாறாது. மலைக்குப் போகும் நாளில் மட்டும் சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும். அப்படிப் போயும் வளைவில் விக்கினால் பெட்ரோல் அளவு காரணமில்லை. பம்ப்பின் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வலைப்பை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பின் சீட்டைத் தூக்கினால் பல வண்டிகளில் அங்கேயே மூடி இருக்கும். இல்லாவிட்டால் டேங்கை இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கும் டேங்க் காலியாக இருப்பதுதான் மெக்கானிக்குக்கு வசதி, அந்த ஒரு நாள் விளக்கு எரிந்தபடியே ஓட்டிக்கொண்டு போங்கள்.