குதிக்கறதுக்கு முன்னாடி இறங்கக் கத்துக்கட்டும்

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 13 வயசு, ஹேண்ட்பால் ஆடறான். புது கோச் வாரத்துல அஞ்சு நாளும் இன்டர்வல் ஓட்டம் (வேகமா, மெதுவான்னு மாத்தி மாத்தி ஓடறது), அது முடிஞ்ச கையோட பாக்ஸ் ஜம்ப் (பெட்டி மேல தாவிக் குதிக்கறது)னு வாங்கறாரு. இப்ப முட்டிக்கு கீழ வலிக்குதுங்கறான். இப்படி குதிச்சா வளர்த்தி நின்னுடும்னு வீட்ல சொல்றாங்க. நிறுத்திடலாமா?

பதில்: வளர்த்தி எல்லாம் நிக்காதுங்க, அந்த பயம் வேண்டாம். கோச் குடுக்கற ரெண்டுமே இந்த ஆட்டத்துக்கு தேவைதான், ஆனா அளவும் வரிசையும் சரியில்ல.

40 மீட்டர் கோர்ட்ல ஹேண்ட்பால்ங்கறது நிதானமா ஓடற ஆட்டமே இல்ல, பாய்ஞ்சு போகணும், சடார்னு நிக்கணும், பந்து போச்சுன்னா உடனே திரும்பி டிபென்ஸுக்கு ஓடி வரணும், அதனால 15 செகண்ட் வேகமா, 15 செகண்ட் மெதுவான்னு ஒரு 5 நிமிஷம் ஓடி, 3 நிமிஷம் ரெஸ்ட் எடுத்து திரும்ப ஒரு தடவை ஓடினாலே இந்த வயசுக்கு நல்ல வேலை. வாரத்துல ரெண்டு நாள் போதும். அதுல ஒரு நாள் சின்ன கோர்ட்ல மூணுக்கு மூணு ஆட விட்டா பாஸ், த்ரோ எல்லாம் மூச்சு வாங்கும்போதே பழகிடும், எனக்கு அதான் ரொம்ப பிடிக்கும், பசங்களுக்கும் போரடிக்காது.

குதிக்கறதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஜம்ப் ஷாட், அதாவது எகிறி கோலுக்கு பந்த எறிஞ்சுட்டு, பெரும்பாலும் ஒத்தக் கால்லதான் வந்து விழறாங்க, முட்டி லிகமென்ட் (எலும்புகள சேர்த்துப் பிடிக்கற நார்) அந்த மாதிரி நேரத்துலயும் கிழியலாம். பையன ஒரு தாழ்வான படியிலேர்ந்து கீழ குதிக்க சொல்லி முன்னாடி நின்னு போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க, முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒடுங்குதா, தொப்புனு சத்தம் வருதா? அப்படின்னா பாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம், முட்டிய மடக்கி சத்தமில்லாம இறங்க மட்டும் பழகட்டும். நார்வேல 15லேர்ந்து 17 வயசு ஹேண்ட்பால் பசங்கள வெச்சு பண்ணி 2005ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல, இறங்கறது பேலன்ஸ் எல்லாம் சேர்ந்த வார்ம்-அப் பண்ணவங்களுக்கு முட்டி, கணுக்கால் காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. இறங்கறது நல்லா பழகினதுக்கு அப்புறம் ஜம்ப் வாரத்துக்கு ரெண்டு நாள், நடுவுல ரெண்டு நாள் இடைவெளி, ஒரு நாளைக்கு மொத்தம் 60, 70 குதி. வார்ம்-அப் முடிஞ்சதும் பண்ணணும், ஓடி ஓஞ்சு போன கால வெச்சு பண்ணக்கூடாது.

வலிக்கு வருவோம். முட்டிச் சிப்பிக்கு கீழ எலும்பு துருத்தற எடத்த அழுத்தினா 'ஆ'ங்கறானா? அனேகமா ஆஸ்குட் ஷ்லாட்டர்தான், வளர்ற வயசுல தொடைத் தசை அந்த எடத்த இழுத்துகிட்டே இருக்கறதால வர்றது, வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அதுவே போயிடும். சில வாரம் குதிக்கறத நிறுத்தி, ஓட்டத்தையும் வலி பொறுக்கற அளவுக்கு குறைச்சு, ஆடி முடிச்சதும் துணில சுத்தி 15 நிமிஷம் ஐஸ் வைங்க. படுக்கையில போட வேண்டியதில்ல, நின்ன எடத்துலேர்ந்து த்ரோ, கேட்ச் பழகலாம். ஆனா முட்டி வீங்கினாலோ, லாக் ஆனாலோ, நொண்டினாலோ, ராத்திரி தூக்கத்துல வலிச்சாலோ தள்ளிப் போடாம எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடுங்க.