சிறிய மெய்நிகர் ஆர்கனுக்குக் கூடுதல் ஸ்டாப்கள்: கேள்வி பதில்

ஒரு குழாய் ஆர்கனின் குழாய்களைத் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து, அந்தச் சாம்பிள்களைக் கணினி வழியே வாசிக்க உதவும் கிராண்ட்ஆர்க், ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருள்களில் புதிய ஸ்டாப்களை (ஒரே ஒலித்தன்மை கொண்ட குழாய் வரிசையை ஒலிக்கவோ நிறுத்தவோ செய்யும் கட்டுப்பாடுகளை) சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். நான் பயன்படுத்துவது கிராண்ட்ஆர்க் என்பதால் விளக்கங்கள் பெரும்பாலும் அதைச் சார்ந்தே இருக்கும்.

கேள்வி: என்னிடம் எட்டு ஸ்டாப்கள் மட்டுமே கொண்ட இலவசத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் இன்னொன்றைச் சேர்க்க நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆர்கனின் அமைப்பை விவரிக்கும் வரையறைக் கோப்பு, எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்புதான். முதலில் அதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்டாப்புக்கு ஒரு பகுதி எழுதி, ஒவ்வொரு குழாய்க்கும் உரிய ஒலிக்கோப்பின் பெயரைக் கொடுத்து, அது எந்த விசைப்பலகையைச் சேர்ந்ததோ அந்தப் பகுதியில் ஸ்டாப்களின் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும். அந்த ஓர் எண்ணை மாற்ற மறந்துவிட்டு, புதிய ஸ்டாப் ஏன் தெரியவில்லை என்று நான் அரை நாள் தேடியதுண்டு. விண்டோஸில் இயங்கும் கோப்பு லினக்ஸில் திறக்க மறுத்தால், கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆர்கனின் அடிப்படை ஒலியான 8 அடி பிரின்சிபால் வரிசையிலிருந்தே 4 அடி, 2 அடி ஸ்டாப்களை உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம், குழாய்களைக் கடன் வாங்கும் யூனிட் ஆர்கன்கள் மெய்யுலகிலேயே உண்டு. அடிக்கணக்கு வரிசையின் மிகத் தாழ்ந்த குழாயின் நீளத்தைக் குறிக்கும்; 8 அடி விசைக்குரிய ஸ்வரத்தையே ஒலிக்கும், நீளம் பாதியானால் ஓர் எண்மம் (ஆக்டேவ்) உயரும். 61 விசைகளுக்கு 16 அடி முதல் 2 அடி வரை நான்கு ஸ்டாப்களை ஒரே வரிசையிலிருந்து பெறுவதற்கு 97 குழாய்கள் போதும். ஆனால், 8 அடியும் 4 அடியும் திறந்திருக்கும்போது ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் எண்மத்தையும் சேர்த்து அழுத்தினால், கீழ் விசையின் 4 அடிக் குழாயும் மேல் விசையின் 8 அடிக் குழாயும் ஒன்றேயாக இருப்பதால், நான்கு குழாய்கள் ஒலிக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் ஒலிக்கும். இதைத் தவிர்க்க அதே சாம்பிளை இரண்டாம் முறை ஏற்றினால், ஒரே அலை இரட்டித்து ஒலி தடிக்குமே தவிர, இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒலிக்கும் உயிர்ப்பு வராது. அதனால் அடுத்த அரை ஸ்வரத்தின் சாம்பிளை எடுத்து 100 சென்ட் (ஓர் அரை ஸ்வர அளவு) இறக்கிப் பயன்படுத்துவதே என் வழக்கம். தொடக்க ஒலியும் காற்றின் இரைச்சலும் வேறுபடுவதால் அது தனிக் குழாயாகவே காதில் விழும். சுருதி சற்று விலகிய வரிசையால் ஒலியை அலையாட வைக்கும் செலஸ்டே ஸ்டாப்புக்கும் இதே வழிதான். அங்கே கூடுதலாகச் சில சென்ட் விலக்கி வைக்க வேண்டும்.

கேள்வி: அப்படிக் கடன் வாங்கிய 1⅗ அடி டியர்ஸ் (இரண்டு எண்மங்களுக்கு மேலுள்ள பெரிய மூன்றாம் ஸ்வரத்தை ஒலிக்கும் ஸ்டாப்) ஏன் இவ்வளவு உறுத்துகிறது?

பதில்: எண்மத்தை 12 சம பங்குகளாகப் பிரிக்கும் சம இடைவெளிச் சுருதியின் பெரிய மூன்றாம் இடைவெளி 400 சென்ட், டியர்ஸ் ஒலிக்க வேண்டிய இயற்கை இடைவெளி ஏறக்குறைய 386. இந்த 14 சென்ட் வேறுபாடுதான் உறுத்துகிறது, ஆகவே அந்த வரிசை முழுவதையும் அந்த அளவு இறக்குங்கள். ஐந்தாம் ஸ்வரத்தை ஒலிக்கும் 2⅔ அடியில் பிழை 2 சென்ட் மட்டுமே; அதைச் சற்று ஏற்றினால் போதும்.

கேள்வி: காலால் வாசிக்கும் பெடலுக்கு 32 அடி வேண்டும் என்று ஆசை.

பதில்: எல்லோருக்கும் இருக்கும் ஆசைதான். 13ஆம் விசை முதல் உங்களிடமுள்ள 16 அடி வரிசையே பயன்படும். புதிதாகத் தேவைப்படுபவை அடியிலுள்ள 12 ஸ்வரங்கள் மட்டுமே. 16 அடிச் சாம்பிளை ஓர் எண்மம் இறக்கினால் குழாய் பேசத் தொடங்கும் நேரமும் எதிரொலியும் இருமடங்கு நீண்டுவிடும். அதைவிட 16 அடியோடு 10⅔ அடியைச் சேர்த்து, 32 அடி ஒலிப்பது போன்ற உணர்வைச் செவியில் எழுப்பும் பழைய உத்தியே எனக்கு நம்பகமானது. உண்மையான 32 அடியின் கீழ் ஸ்வரம் சுமார் 16 ஹெர்ட்ஸ் என்பதால், அதை உங்கள் ஒலிபெருக்கி தருமா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வேறொரு தேவாலயத்தில் பதிவான டிரம்பெட் ஸ்டாப்பைச் சேர்த்தேன், அது தனியாக நிற்கிறது.

பதில்: இதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. ஒவ்வொரு சாம்பிளின் முடிவிலும் அது பதிவான கட்டடத்தின் எதிரொலி ஒட்டியிருப்பதால், விசையை விட்டதும் இரண்டு கட்டடங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. எதிரொலி குறைவாகப் பதிவான வரிசைக்கு, உங்கள் தேவாலயத்தின் எதிரொலியைக் கணினியில் பின்னர் ஏற்றலாம். பதிவோடு கலந்துவிட்ட எதிரொலியை முழுமையாக நீக்குவதோ அரிது. ஆகையால் கூடுதல் வரிசைகளை எதிரொலி குறைந்த பதிவுகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். பிறகு ஆர்கன் அமைப்புச் சாளரத்தில் ஒவ்வொரு குழாயின் ஒலியளவையும் சுருதியையும் சரிசெய்யுங்கள். ஸ்டாப்பைத் தனியே கேட்டு முடிவு செய்யாமல், பழைய ஸ்டாப்களோடு சேர்த்து, கீழ், நடு, மேல் பகுதிகளில் மாறி மாறி வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு டிரம்பெட்டுக்கு எனக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும்.

கேள்வி: நினைவகம் எவ்வளவு கூடும்?

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவில் ஒரு நொடிக்கு 2,88,000 பைட். குழாய்க்கு 10 நொடி என்றால் 56 குழாய்களுக்கு ஏறத்தாழ 161 மெகாபைட். முன்புறமும் பின்புறமும் தனித்தனியே பதிவான தொகுப்பானால் இருமடங்கு.

கேள்வி: விலைக்கு வாங்கிய தொகுப்பிலிருந்து வரிசைகளை எடுக்கலாமா?

பதில்: பல வணிகத் தொகுப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அவற்றின் ஒலிக்கோப்புகளைத் தனியே திறக்க முடியாது. திறக்கக்கூடியவையாக இருந்தாலும் உரிமத்தைப் படியுங்கள். இலவசத் தொகுப்பிலும், நீங்கள் எழுதிய வரையறைக் கோப்பைப் பிறருக்குத் தருவது வேறு, சாம்பிள்களையே தருவது வேறு.